லாரியின் பின்னால் பத்து வண்டிகள்

மூன்றாவது அறிவிப்பு வந்த அன்றுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. முதல் இரண்டுக்கும் வந்தது வெறும் எரிச்சல். எரிச்சல் வந்தவன் முணுமுணுப்பான். கோபம் வந்தவன் கடிதம் எழுதுவான். நான் நான்கு பக்கம் எழுதினேன்.

அறிவிப்புகளை அனுப்பியது, மருத்துவமனை வளாகத்தில் வண்டி நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனியார் நிறுவனம். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் அவளை அங்கே டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்கிறேன். நான்கு மணி நேரம் அவளுடைய இரத்தம் வெளியே வந்து, இயந்திரத்துக்குள் சுற்றி, சுத்தமாகித் திரும்புகிறது. நிறுத்துமிடத்திலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. எட்டு மணிக்கு உள்ளே போவேன். அவளை மின்தூக்கியில் ஏற்றிவிட்டு எட்டேகாலுக்கு வெளியே வந்துவிடுவேன். பன்னிரண்டரைக்குத் திரும்பிவந்து, ஒரு மணிக்குள் அவளோடு கிளம்பிவிடுவேன்.

நிறுவனத்தின் கணக்கு வேறுவிதமாக இருந்தது. என் வண்டி காலை எட்டு மணிக்கு உள்ளே வந்ததாம். பகல் ஒரு மணிக்கு வெளியே போனதாம். இடையில் ஐந்து மணி நேரமும் அங்கேயே நின்றதாம். வருவதற்கு ஒரு படமும் போவதற்கு ஒரு படமும் ஒட்டியிருந்தார்கள். இப்படி மூன்று மாதத்தில் மூன்று முறை அபராதம். மூன்றாவது அறிவிப்பின் அடியில், அடுத்த மாதம் கழிந்து வரும் முதல் தேதியிலிருந்து ஓராண்டுக் காலத்துக்கு என் வண்டிக்கு நுழைவுத் தடுப்பு திறக்காது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பேன். தடுப்பு திறக்காது என்பதுதான் என்னை உலுக்கியது. வாடகை வண்டிகளை வளாகத்துக்குள் விடுவதில்லை. பெருஞ்சாலையில் இறங்கினால் டயாலிசிஸ் பிரிவுவரை நானூறு அடிக்குமேல் நடக்க வேண்டும். அதில் பாதி ஏறுமுகமான சாய்தளம். சக்கர நாற்காலிகள் கட்டடத்தைத் தாண்டி வருவதில்லை. சிகிச்சை முடிந்து வரும்போது என் மனைவிக்கு இரத்த அழுத்தம் இறங்கி, கால்கள் துணியைப் போல் தொய்ந்துவிடும். போன ஆண்டு ஒருநாள் நிறுத்துமிடம் நிரம்பியிருந்ததால் அவளைச் சாலைவரை நடத்திக்கொண்டு போனேன். சாய்தளத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட ஆள் கிடைக்கும்வரை கையிலிருந்த செய்தித்தாளால் அவளுக்கு வெயில் மறைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காட்சியை ஆண்டு முழுவதும் வாரம் மூன்று முறை காண நான் ஆயத்தமாக இல்லை.

ஆகவே எழுதினேன். நான்கு பக்கம், ஏழு உட்தலைப்புகள், மூன்று அறிவிப்புகளுக்கும் சேர்த்து ஒரே மறுப்பு. பதினோராம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி: என் மேலான கருத்துக்கு அவர்கள் மகிழ்ச்சியடைந்தார்கள், என் புகார் பரிசீலித்து முடிக்கப்பட்டது. அந்த இரண்டு வரியில் மூன்று பிழைகள் இருந்தன. மூன்றையும் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் காரணமும் குறித்து, அதே உறையில் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கடிதத் தலைப்பில் அலுவலக முகவரி கிடையாது. ஓர் அஞ்சல் பெட்டி எண்தான். தொலைபேசியில் அழைத்தால் இசை ஒலித்தது. நிறுத்துமிடத்துக் காவலரிடம் ஒருநாள் கேட்டேன். நிறுவனத்துச் சீருடையில் நுழைவாயிலில் நிற்பவர். அவருடைய இயற்பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் மீசை.

"புகார் ஆபீசா? டயர் கடைக்கு மேல மாடி சார்," என்றார் மீசை. "நான் லீவு கேக்கவே அங்கதான் போறேன். போர்டு இருக்காது. படியில டயர் வாசனை அடிச்சா சரியான இடம்னு வெச்சுக்குங்க."

அடுத்த மாதத்தின் பத்தாம் நாள், மனைவியை இறக்கிவிட்ட கையோடு நேரே அங்கே போனேன். படியில் டயர் வாசனை அடித்தது. மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் நான்கு மேசைகள், மூன்று காலி. நான்காவதில், காதில் ஹெட்போன் மாட்டிய நாற்பது வயதுப் பெண் ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், ஊசி குத்தி, என் சிவப்பு மைக் கடிதம் தொங்கியது.

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"சிவப்பு மை சார்தானே," என்றார். "உக்காருங்க. உங்களை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். அதை வெளியே காட்டாமல் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை எழுதியவர் எவரோ அவரை நான் பார்க்க வேண்டும் என்றேன். எழுதியவர் என்று ஒருவர் இல்லை என்றார் அவர். கணினியில் பன்னிரண்டு பதில்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். வரும் புகாரைப் படித்து, அது எந்த வகை என்று ஒரு பட்டியலில் குறித்தால், அதற்கு உரிய பதில் தானாகவே அச்சாகி உறைக்குள் போய்விடும். நாளொன்றுக்கு நூற்று நாற்பது புகார்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். மேசைகள் மூன்று காலி. எனக்குக் கிடைத்தது ஐந்தாம் பதில்.

ஐந்தாம் பதில் எந்த வகைக்கு உரியது என்று கேட்டேன்.

"அறிவிப்புப் பலகை பத்தின கருத்து."

அவர் என் கடிதத்தை ஒரு கோப்பிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். உண்மைதான். நுழைவாயிலில் விதிகளை எழுதி வைத்திருக்கும் பலகையின் மொழிநடை எவ்வளவு இழிவாக இருக்கிறது என்பதை முதல் பக்கம் முழுவதும் எழுதியிருந்தேன். நான் வெளியே போய்த் திரும்ப வந்தேன் என்ற செய்தி, மூன்றாம் பக்கத்தில், ஐந்தாம் உட்தலைப்பின்கீழ் இருந்தது.

"முதல் பக்கம் படிக்கவே ரெண்டரை நிமிஷம் ஆயிடுச்சு சார்," என்றார் அந்த அம்மையார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதனாலேயே அது நன்றாகக் குத்தியது.

பிறகு அவர் என் வண்டி எண்ணைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். எட்டு மணிக்கு உள்ளே வந்த பதிவு இருந்தது. எட்டேகாலுக்கு வெளியே போன பதிவு இல்லை. ஆம்புலன்ஸ் தடையின்றிப் போக வேண்டுமென்பதால் வெளிவாயிலில் தடுப்பு கிடையாது. ஒரு கம்பத்தில் இடுப்பளவு உயரத்தில் கேமரா மட்டும்தான். அது என்னைப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு நான் மறுபடி உள்ளே வந்ததை நுழைவாயில் கேமரா பார்த்திருக்கிறது; தடுப்பையும் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பதிவின்மேல் ஒரு கோடு கிழித்திருந்தது.

"உள்ள இருக்குற வண்டி எப்படி சார் மறுபடி உள்ள வரும்? அதனால அதை மெஷினே தப்புன்னு தள்ளிடும்."

அத்தனை நுட்பமாகச் சிந்திக்கும் இயந்திரம், வந்த வண்டி இடையில் வெளியே போயிருக்க வேண்டும் என்று மட்டும் ஏன் சிந்திக்கவில்லை என்று கேட்டேன்.

"இந்த ஒரு வரியை நீங்க முதல் வரியா எழுதிருந்தா, நான் வேற கட்டத்துல டிக் பண்ணிருப்பேன்."

இப்போது குறியுங்கள் என்றேன். முடியாதாம். ஓர் அறிவிப்புக்கு ஒருவர் ஒருமுறைதான் புகார் செய்யலாம், நான் மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதித் தொலைத்துவிட்டேன், மூன்றும் மூடப்பட்டுவிட்டன. தலைகீழாக நின்றாலும் என் பெயரில் மறுபடி திறக்க அவருக்கு அதிகாரமில்லை. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். அவர் தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அச்சுத்தாளைக் காட்டினார். ஊழியர்களுக்கான விதிகள்.

"ஒன்பதாவதைப் படிங்க. உங்களுக்குப் படிக்கவா நான் சொல்லித் தரணும்."

படித்தேன். ஒரே வாயில், ஒரே காரணம், ஒரே மாதத்தில் பத்து வெவ்வேறு வாடிக்கையாளர்களின் புகார்கள் சேர்ந்துவிட்டால் அது கருவிப் பழுதாகக் கொள்ளப்படும். கோப்பு புகார்ப் பிரிவை விட்டுத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய்விடும். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அந்த வாயில் சார்ந்த அறிவிப்புகளும் தடைகளும் நிற்கும். ஒன்பது பேர் வரைக்கும் தப்பு வாடிக்கையாளருடையது. பத்தாவது ஆள் வந்தால் கேமராவுடையது.

"போன மாசம் ஏழு வந்துச்சு. முந்தின மாசம் ஆறு," என்றார். "ஒரு மாசத்துலயும் பத்து வரல."

முதல் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை என் மனைவி தலையணையில் கால்களை உயர்த்திப் படுத்திருந்தாள். நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி நடந்ததையெல்லாம் சொன்னேன். கேமராவுக்கு ஏன் கண் தெரியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"எட்டேகால் லாரி."

எந்த லாரி என்று கேட்டேன்.

"நீங்க தினமும் அது வாலைப் புடிச்சுக்கிட்டுத்தானே போறீங்க. ஆஸ்பத்திரித் துணி எடுத்துட்டுப் போற வெள்ளை லாரி. வாசல்ல நின்னு சீட்டுல கையெழுத்து வாங்குறான். அதுவரைக்கும் நீங்கள்லாம் பின்னாடி ஆரன் அடிச்சுக்கிட்டு நிப்பீங்க. அவன் நகர்ந்தா முதல்ல நிக்கிறவங்க ஒட்டிக்கிட்டே போவீங்க, ஒருநாள் நீங்க, ஒருநாள் வேற யாராவது. லாரி முதுகுக்குப் பின்னால இருக்குற வண்டி எந்தக் கேமராவுக்குத் தெரியும்?"

அவளுடைய நாற்காலி சன்னலோரம். செவிலி வந்து கையில் ஊசி ஏற்றும்வரை கால்மணி நேரமும், ஏற்றியபின் நான்கு மணி நேரமும் அவளுக்கு நிறுத்துமிடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே. நேரே பேனாவை எடுத்துட்டீங்க."

லாரியின் பின்னால் ஒட்டிப் போகும் மற்றவர்கள் யார் யார் என்று கேட்டதற்கு, விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். ரொட்டி வேன். பின்கண்ணாடியில் பொம்மை தொங்கும் வண்டி. நீலக் கார். கதவை ஓங்கிச் சாத்தும் தையற்காரம்மா. மாமியாரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே அவரைக் குழந்தைபோல் தாங்கி இறக்கும் மருமகன். பத்தோடு நிற்கவில்லை, பன்னிரண்டு சொன்னாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் என் வேலை தொடங்கியது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு அறிவிப்பு வந்திருந்தது. சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. ஒவ்வொருவரும் தமக்கு மட்டுந்தான் இந்தக் கிரகம் என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிட்டோ ஒளித்துவிட்டோ இருந்தார்கள். மாமியாரை அழைத்துவரும் மருமகன், தான் அங்கே நாள் முழுக்க வண்டியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றுவதாக மாமியார் நம்பிவிட்டார் என்றும், கேமராவே சாட்சி சொல்லும்போது தன் பேச்சு எடுபடவில்லை என்றும் நொந்துகொண்டார்.

பழைய பாடம் மறக்காமல் இம்முறை ஒரே பக்கம் எழுதினேன். முதல் வரியிலேயே செய்தி: வெளிவாயிலில் லாரி மறைப்பதால் கேமரா பதியவில்லை. நான்கு பத்தி; ஒரு சொல் மிகையில்லை, ஒரு பிழையில்லை. பத்துப் படிகள் எடுத்து, அவரவர் வண்டி எண்ணுக்கு இடம் விட்டு, கையெழுத்து வாங்கினேன். அண்ணனை அழைத்துவரும் ரொட்டிக்கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

"நான் இவ்வளவு நல்லா எழுதினேன்னா என் பொண்டாட்டியே நம்ப மாட்டா சார்," என்றார்.

கையெழுத்துப் போடுங்கள் என்றேன். பதினைந்தாம் தேதி பத்து உறைகளும் அஞ்சலில் போயின. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இருபத்து நான்காம் தேதி என் மனைவியை இறக்கிவிட்டுக் கூடத்துக்குள் போனால், பத்துப் பேரும் ஆளுக்கொரு தாளோடு நின்றார்கள். பத்துத் தாளிலும் ஒரே வாசகம்: ஒரே நபர் ஒரே புகாரைப் பத்து முறை அனுப்பியதாகக் கண்டறியப்பட்டதால், இவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. தையற்காரம்மா மட்டும், இதற்கு நான் பேசாமலே இருந்திருக்கலாம் என்பதுபோல் தாளை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

மறுபடி டயர் கடை மாடி. எனக்கு மூச்சு வாங்கியது. புகார் அம்மையார் என்னைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"பத்துப் பேரும் தனித்தனி ஆள். தனித்தனி வண்டி. தனித்தனிக் கையெழுத்து," என்றேன்.

"எனக்குத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியாதே. வாசகம் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னுதான் சேர்த்துடும். பொய்ப் புகார் அனுப்புறவங்களுக்காகப் போட்ட பூட்டு அது." பிறகு திரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் அதை இன்னும் மூடல. மூடாம திருப்பி அனுப்பினதா போட்டுடறேன். அவங்க மறுபடி எழுதலாம். அவங்கவங்க சொந்தமா எழுதட்டும். நீங்க ஒரு எழுத்துகூடத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா எனக்கே தெரியும்."

மாதம் முடிய ஆறு நாள். எங்கள் முறை இனி இரண்டே நாள்தான் வரும்: வெள்ளியும் திங்களும். அதன்பின் வரும் புதன்கிழமை முதல் தேதி.

வெள்ளிக்கிழமை காலையில் பத்து வெற்றுத்தாளும் பத்துப் பேனாவும் வாங்கிக்கொண்டு போனேன். நீலக் கார்க்காரர் வரவில்லை. அவருடைய தாயாரை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். தொலைபேசியில் அழைத்தபோது, இனி அந்த நிறுத்துமிடத்தோடு தமக்கு வழக்கு எதற்கு என்று பணிவாகக் கேட்டார். நியாயந்தான். ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

ஒன்பது பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, முழங்கால்மேல் தாளை வைத்துக்கொண்டார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ரொட்டிக்கடைக்காரர் எழுவாயை முதல் வரியில் போட்டுவிட்டு ஏழாம் வரிவரை பயனிலையைத் தேடினார். மருமகனின் தாளில் பாதிக்கு மேல் மாமியாரைப் பற்றியே இருந்தது. பொம்மை வண்டிக்காரர் நிறுத்தற்குறி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் எழுதி முடித்ததும், பழக்கதோஷத்தால் என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கி, படித்து, உறையில் போட்டேன். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வைத்துவிட்டு வந்தது நல்லதாயிற்று.

கடைசியாகத் தையற்காரம்மா வெற்றுத்தாளோடு வந்து நின்றார். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் வராது என்றார். நான் எழுதினால் அது என் எழுத்தாகிவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப நான் சொல்றேன், நீங்க சொன்னபடியே எழுதுங்க. அழகு பண்ணாதீங்க."

அவர் சொன்னார், நான் எழுதினேன். என் வாழ்நாளில் இதைவிடக் கடினமான சொல்வதெழுதல் எனக்கு வாய்த்ததில்லை. "எங்க வீட்டுக்காரரை விட்டுட்டு நான் ஒன்பது மணிக்குக் கடை திறக்கணும். லாரிக்காரன் நின்னுக்கிட்டே இருப்பான், சீட்டுல கையெழுத்துப் போடுற ஆள் வரவே மாட்டான். நான் ஆரன் அடிப்பேன். அவன் நகர்ந்தா நானும் ஒட்டிக்கிட்டே போயிடுவேன். பின்ன என்ன பண்றது, கடை."

பேனாவை நிறுத்தினேன். கடை என்றால், கடைக்கு என்ன என்று கேட்டேன்.

"கடைதான். அவ்வளவுதான்."

முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஒன்பது உறைகள். பத்தாவது ஆளுக்கு எங்கே போவேன் என்ற கவலையோடு பன்னிரண்டரைக்கு மேலே போனேன். செவிலி ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என் மனைவியின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நீலக் கார்க்காரரின் தாயார் உட்காரும் இடம். நான் சொல்லத் தொடங்குமுன்பே என் மனைவி எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தாள். மருமகனின் மாமியார் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறார். அங்கே எந்தச் செய்தியும் ஒளிந்திருக்க முடியாது.

"ஏன், நான் அந்த வண்டியில வர்றதில்லையா?" என்றாள்.

அறிவிப்பின் பின்புறம் அச்சிட்டிருந்த புகார்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். புகார் செய்பவர் என்ற இடத்தில் 'ஓட்டுநர் அல்லது உடன் வந்தவர்' என்றிருந்தது. இத்தனை நாள் அந்தப் பின்பகுதி என் கண்ணில் படவே இல்லை. என் மனைவி தலையணையின் அடியிலிருந்து, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிய ஒன்றை எடுத்து நீட்டினாள். இடக்கை இயந்திரத்தோடு கட்டுண்டிருக்க, வலக்கையால், தாளைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் எழுதியதால் வரிகள் சரிந்திருந்தன.

"நான் வண்டி ஓட்டுவதில்லை. வாரம் மூன்று நாள் இந்தச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். எட்டேகாலுக்கு வெள்ளை லாரிக்குப் பின்னால் என் கணவர் வெளியே போகிறார். பிறகு அந்த இடத்தில் வேறு வண்டிகள் நிற்கின்றன. பன்னிரண்டரைக்கு அவர் திரும்ப வருகிறார். தடுப்பை மூடினால் நான் நடக்க வேண்டும், என்னால் முடியாது. சந்தேகமிருந்தால் யாராவது வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது."

என் நான்கு பக்கத்தில் நடக்க முடியாது என்ற செய்தி எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். எங்குமே இல்லை. அதைக் கெஞ்சலாக எடுத்துக்கொள்வார்களோ என்று எழுதாமல் விட்டிருந்தேன்.

அதை அப்படியே பத்தாவது உறையில் போட்டு, அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, பத்து உறைகளையும் டயர் கடை மாடியில் நேரில் கொடுத்தேன். புகார் அம்மையார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். இரண்டரை நிமிடக் கணக்கு அன்று பார்க்கவில்லை. தையற்காரம்மாவின் தாளைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை நீங்களா எழுதினீங்க?"

"கை மட்டும் என்னுடையது," என்றேன்.

பத்து முறை பட்டியலில் குறித்தார். பத்தாவது முறை குறித்ததும் திரையில் ஏதோ நிறம் மாறியது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, "என் கையை விட்டுப் போயிடுச்சு சார்," என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்தது நிம்மதி என்றே சொல்வேன்.

திங்கட்கிழமை காலை ஒரு நடுவயதுக்காரர் கையில் மடிக்கணினியோடு டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து, சன்னலோரத்துப் பெண்மணி யார் என்று விசாரித்தாராம். கேமராக்காரர். என் மனைவியின் பக்கத்துக் காலி நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்து கீழே பார்த்திருக்கிறார். வெள்ளை லாரி வந்து நின்றது, சீட்டு நீட்டியது, நகர்ந்தது, அதன் முதுகில் ஒட்டியபடி தையற்காரம்மாவும் நானும் போனது எல்லாம் பார்த்திருக்கிறார். மடிக்கணினியில் பார்த்தால் லாரி மட்டும்தான் போயிருந்தது. போகும்போது, இந்த வேலைக்கு உங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று என் மனைவியிடம் கேட்டாராம். இயந்திரத்தைக் காட்டி, இதுதான் என்றாளாம்.

ஆனால் நிறுவனத்திடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அஞ்சல்காரர் வெறுங்கையோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்.

புதன்கிழமை, முதல் தேதி, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நுழைவாயிலில் வண்டியை நிறுத்தினேன். என் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். மீசை தம் கூண்டிலிருந்து வெளியே வந்து நின்றார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தடுப்பு அசையவில்லை. ஒருவேளை அது எப்போதுமே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதுதானோ என்னவோ. நான் அதுவரை கவனித்ததில்லை. பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது.

"தொறக்கும்," என்றாள் என் மனைவி.

திறந்தது.

மீசை எதுவும் நடவாததுபோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூண்டுக்குள் திரும்பிப் போனார். நான் அவளை வாசலருகே இறக்கி, மின்தூக்கிவரை கைபிடித்துக் கொண்டுபோனேன். கதவு மூடும்போது, "இன்னைக்காவது லாரியை முன்னால விட்டுட்டுப் போங்க," என்றாள்.

வெளிவாயிலில் தரையில் புதிதாக ஒரு மஞ்சள் கட்டம் வரைந்திருந்தார்கள். வெள்ளை லாரி அதற்கு வெளியே, சுவரோரமாக ஒதுங்கி நின்று சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. வழி திறந்திருந்தது. நான் மெல்ல நகர்ந்து போய், கேமராவுக்கு நேர் எதிரே, முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லாமல், என் எண் பலகை முழுவதும் அதன் கண்ணில் படும்படி நிறுத்தினேன். ஒரு விநாடி போதும். நான் நன்றாகவே நின்றேன். மேலே நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடிச் சன்னலில் ஒரு கை தெரிந்தது. போ போ என்று அசைந்தது.

இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன். பின்னால் யாரோ ஆரன் அடித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். தையற்காரம்மா. தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கடை."